படகுப் பட்டறை: பெயிண்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீர்கள்

கேள்வி: என் மாமா ‘தானே’ புயலுக்கு அடுத்த வருஷம் வாங்கிய 18 அடி பைபர் படகு, ஆறு வருஷமாக உப்பனாற்றங்கரையில் ஒரு தென்னை மரத்தடியில் கிடக்கிறது. 25 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜினும் அதிலேயே மாட்டியபடி இருக்கிறது. மாமா காலமான பிறகு அத்தை படகை என்னிடம் கொடுத்துவிட்டார். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, மகனையும் சேர்த்துக்கொண்டு நானே சரிசெய்ய ஆசை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. நல்ல நீலப் பெயிண்ட் நாலு லிட்டர் வாங்கிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: பெயிண்ட் டப்பாவை அப்படியே பரண்மேல் வையுங்கள் தம்பி. அது கடைசி வேலை. இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு சாக்கட்டியும்தான்.

முதலில் என்ஜினைக் கழற்றிக் கீழே இறக்குங்கள். படகில் தண்ணீர் வடிக்கும் துவாரத்தின் அடைப்பானைத் திறந்து, முன்பக்கத்தை ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். ஆறு வருஷத்து மழைத்தண்ணீரும் தென்னங்கீற்றுக் குப்பையும் எல்லாம் பின்பக்கம்தான் தேங்கியிருக்கும். என்ஜின் கனத்தில் பின்பக்கம் எப்போதும் தாழ்ந்தே இருக்குமல்லவா, குப்பை அடைத்த துவாரத்தில் தண்ணீர் போக வழி இருந்திருக்காது. உள்ளேயும் வெளியேயும் நல்ல தண்ணீரால் நாலு தடவை கழுவுங்கள். உப்பு இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படகு காயவே காயாது.

கழுவிக் காய்ந்ததும் நாணயத்தை எடுத்துக்கொண்டு நாலு விரற்கடைக்கு ஒரு தட்டு என்று படகு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டண்’ என்று கேட்கும். பைபர் அடுக்கு விட்டுப்போன இடமும், உள்ளே மரம் ஊறிய இடமும் ‘பொத்’ என்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடமெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். இந்த வேலையை மகனிடமே கொடுக்கலாம். பிள்ளைகளுக்குக் காது கூர்மை.

பின்பலகையில், அதாவது என்ஜின் மாட்டும் பலகையில், இரண்டு தடவை தட்டுங்கள். வெளியே பார்க்க முழுக்க பைபராகத் தெரிந்தாலும் அதற்குள் இருப்பது பிளைவுட். என்ஜின் போல்ட் துளை வழியாக ஒரு சொட்டு தண்ணீர் இறங்கினாலும் போதும், அது வெளியே வர வழியில்லாமல் வருஷக்கணக்கில் மரத்தைத் தின்னும். சந்தேகமாக இருந்தால் உள்பக்கத்தில், அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, சின்ன துளை ஒன்று போட்டுப் பாருங்கள். டிரில் பிட்டோடு வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். கறுத்த சேறு மாதிரி வந்து ஊறின கோணி வாசம் அடித்தால், பலகையை மாற்றியே ஆகவேண்டும். ஆறு வருஷம் என்ஜினோடு கிடந்த படகு என்பதால் மாற்ற வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ கரையைக் கடந்தபோது கடலூர்க் கரையில் உடையாத படகு குறைவு. அடுத்த சில மாதம் எங்கள் பட்டறையில் இரவு பகலாக வேலை. அவசரமாகத் தொழிலுக்குப் போகவேண்டும் என்று ஒருவர் கெஞ்சினார். பின்பலகை ஊறியிருந்தது எனக்குத் தெரியும். வெளிப்பக்கம் இரண்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். எட்டு மாதம் ஓடியது. முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்தபோது என்ஜின் பலகையோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பின்பக்கம் திறந்துகொண்ட படகில் இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு படகு வந்ததால் பிழைத்தார்கள். அந்தப் பலகையைக் கரையில் கொண்டுவந்து போட்டபோது கையால் அமுக்கிப் பார்த்தேன். ஊறவைத்த அவல் மாதிரி விரல் உள்ளே இறங்கியது. அன்றிலிருந்து ஊறின மரத்தின் மேல் நான் மேட் போட்டதில்லை.

சரி, மாற்றுவது எப்படி? வெளி பைபர் தோலைத் தொடாதீர்கள். அதுதான் உங்களுக்கு அச்சு. உள்பக்கத் தோலை மட்டும் கிரைண்டரால் ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் படகின் இரண்டு விலாவையும் குறுக்கே ரீப்பர் அடித்து இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பலகை போனதும் படகு அகன்றுவிடும். படகு முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் நாலு பக்கமும் மட்டம் பாருங்கள். பிறகு உளியால் ஊறின மரத்தையெல்லாம் சுரண்டி, வெளித் தோலின் உள்முகத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, மேலே தார்ப்பாய் பந்தல் போட்டு இரண்டு வாரம் காய விடுங்கள். இந்த இரண்டு வாரத்தைத்தான் யாரும் பொறுப்பதில்லை. நீங்கள் பொறுங்கள்.

புதுப் பலகைக்கு பிளைவுட் வாங்கும்போது ‘வாட்டர் புரூப்’ என்று சொன்னால் போதாது. பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கவேண்டும். அதுதான் மரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது அலமாரிக்கு. உங்கள் என்ஜினுக்கு 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. அட்டைப்பெட்டியை வெட்டி முதலில் மாதிரி எடுத்து, அது சரியாக உட்கார்ந்த பிறகு பலகையை வெட்டினால் ஒரு துண்டுகூட வீணாகாது. பலகையின் இரண்டு முகத்துக்கும், முக்கியமாக நாலு ஓரத்துக்கும், ரெசினை (கண்ணாடி இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) மரம் குடிக்கும் வரை பூசுங்கள். வெளித் தோலுக்கும் பலகைக்கும் நடுவே ஈர மேட் ஒன்று வைத்து, போல்ட் போட்டு, நடுவில் காற்று நிற்காமல் இறுக்குங்கள்.

பலகை படகோடு சேரும் மூலையை ரெசின் பட்டியால் வட்டமாக்கிவிடுங்கள். கண்ணாடி இழை கூர்மையான மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே காற்று தங்கும். அதன்மேல் மேட், ரோவிங் (முரட்டு நெசவுக் கண்ணாடி இழைத் துணி), மேட் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக விலாவிலும் தரையிலும் ஏறும்படி விடுங்கள்.

எவ்வளவு ரெசின் வாங்குவது என்று வீட்டிலேயே கணக்குப் போடலாம். 450 கிராம் மேட் என்றால் ஒரு சதுர மீட்டர் 450 கிராம் எடை. இரண்டு சதுர மீட்டர் இடத்தில் நாலு அடுக்கு போட்டால் 3.6 கிலோ மேட். மேட் எடைக்கு இரண்டரை மடங்கு ரெசின், ஆக 9 கிலோ. ஊறவைக்கவும் பட்டிக்கும் இன்னொரு 3 கிலோ. இந்தக் கணக்கோடு கடைக்குப் போனால் பாதி டின் மிச்சமாகிக் கட்டிப்போவது இல்லை. ஐசோ ரெசின் கேளுங்கள். சாதாரண ரெசினைவிட விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் தண்ணீரைத் தாங்கும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர், கிலோ ரெசினுக்கு 10 மில்லியிலிருந்து தொடங்குங்கள். ஊசி போடும் சிரிஞ்சு வைத்து அளக்கலாம். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததைக் குறுகலான டப்பாவில் வைத்தால் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் மத்தியானம் இந்த வேலை ஆகாது. காலையில் பனி காய்ந்த பிறகு இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

என்ஜின் போல்ட் துளைகளைத்தான் பலரும் மறக்கிறார்கள். துளையை இரண்டு மடங்கு பெரிதாகப் போட்டு, கெட்டியான எபாக்ஸியால் (இது வேறு வகைப் பிசின்) முழுக்க அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளை போடுங்கள். அப்புறம் போல்ட் ஓரமாகத் தண்ணீர் இறங்கினாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஒன்றைக் கவனிக்கவேண்டும். இதுவரை சொன்ன ரெசின் பாலியெஸ்டர் வகை. பாலியெஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. அதனால் எபாக்ஸி வேலை கடைசியில்.

தரைக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கட்டைகளையும் இதே மாதிரி தட்டிப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் உங்கள் 60,000 ரூபாயில் என்ஜினுக்கும் மிச்சம் வரும். விலாவில் உள்ள கீறலும் பொத்தலும் பயப்படக்கூடிய விஷயமே இல்லை. சுற்றிலும் சரிவாகத் தேய்த்துக்கொண்டு அடைத்தால் போதும். 6 மில்லி கனமுள்ள பைபர் என்றால் சுற்றிலும் மூன்று அங்குலம் சரிவு.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையிலுள்ள படகெல்லாம் பட்டறைக்கு வந்துவிடும். அப்போது ஒரு சந்தேகம் கேட்கக்கூட பைபர் ஆள் கிடைக்கமாட்டார்.

கேள்வி: பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்றை எடைக்கு விற்க இருந்தவரிடமிருந்து வாங்கினேன். கயிறு இழுத்தால் அசையவே இல்லை. மெக்கானிக்கிடம் கொடுக்காமல் நானே பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: பார்க்கலாம். ஆனால் கயிற்றை இனி இழுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் ஆயிலும் சரிபாதி கலந்து கொஞ்சம் ஊற்றி, நாலு நாள் விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். அப்புறம் மேலே இருக்கும் பிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, அது இறுகும் திசையில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றி மறுநாள் பாருங்கள். சுத்தியல் எடுக்கவே கூடாது.

சுற்றத் தொடங்கிவிட்டால் அடுத்து கீழ்க்கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கியர் பகுதி. கியர் ஆயில் வடிக்கும் திருகு அடியில் ஒன்று, காற்றுத் திருகு மேலே ஒன்று இருக்கும். கீழ்த் திருகைத் திறந்து வருவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவோ கறுப்பாகவோ இருந்தால் நல்லது. பால் விட்ட டீ மாதிரி வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலை மாற்றவேண்டும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்றவேண்டும். மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழ்த் திருகை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை, நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் மாற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் நின்றதால் அதன் இறகுகள் ஒரு பக்கமாக வளைந்து, கை விட்டால் நிமிராமல் இருக்கும். பழையதை வெளியே எடுத்ததும் இறகுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு என்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் எங்கேயோ மாட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை, என்ஜின் சூடேறிவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றி, துவாரமெல்லாம் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பழைய பெட்ரோல் உள்ளே பிசினாகியிருக்கும். பெட்ரோல் குழாயை மாற்றுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் இளக்கும். அதனால் மாதக்கணக்கில் தேக்கிவைத்த பெட்ரோலைப் படகுக்கு ஊற்றாதீர்கள். ஆயில், தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கென்றே வரும் டி.சி.-டபிள்யூ3 வகை. பைக்குக்குப் போடும் 2டி ஆயில் வேண்டாம். பெரும்பாலான என்ஜின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் என்ஜின் மிகப் பழையது என்றால் கூடுதலாகக் கேட்கலாம், புத்தகத்தில் போட்டிருப்பதே கணக்கு.

ஸ்டார்ட் செய்வது 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என்ஜினின் கீழ்க்காலை அதில் முக்கிய பிறகுதான். விசிறியை (புரொப்பெல்லரை) கழற்றி வைத்துவிட்டால் தண்ணீர் வெளியே வாரிக் கொட்டாது. ஓடத் தொடங்கியதும் பின்புறம் சின்ன துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சவேண்டும். அரை நிமிடத்தில் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தண்ணீரில்லாமல் ‘ஒரு செகண்டுதானே’ என்று ஓட்டிப் பார்த்து, புது இம்பெல்லரைக் கருக்கியவர்கள் நிறையப் பேர். உப்புத் தண்ணீரில் ஓட்டி வந்த ஒவ்வொரு நாளும் இதே டிரம்மில் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டினால் இந்த என்ஜின் உங்கள் பிள்ளை காலம் வரை வரும்.

கேள்வி: படகு கவிழ்ந்தாலும் மிதக்கும்படி இருக்கைக்கு அடியில் தெர்மாகோல் திணித்து, மேலே பைபர் போடலாமா?
– ஒரு வாசகர், நோணாங்குப்பம்

பதில்: போட முடியாது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். காலையில் போட்ட வேலையைச் சாயந்திரம் பார்த்தால் உள்ளே குழிதான் இருக்கும். பஃப் என்று கடையில் சொல்கிற நுரையைப் பயன்படுத்தலாம், அது கரையாது. ஆனாலும் அதன் ஓரம் உடைந்தால் காலப்போக்கில் தண்ணீர் குடிக்கும். செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மூடி நன்றாக இறுகும் 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களைக் காலியாகச் சேர்த்து, இருக்கைக்கு அடியில் வரிசையாக வைத்து, வெளியே வராதபடி பலகை அடித்துவிடுங்கள். ஒரு கேன் ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கவும் முடியும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கொல்லையில் படகு ரிப்பேர் பார்க்கிறார். வீடெல்லாம் வாசனை, அவருக்கு ராத்திரி பூரா அரிப்பு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, வீராம்பட்டினம்

பதில்: பயப்படுவது நியாயம்தான் அம்மா. இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அவர் மூன்று பொருள் வைத்திருப்பார்: ரெசின் என்ற பிசின், அது இறுகுவதைத் தூண்டும் கோபால்ட், அதை இறுக வைக்கும் ஹார்டனர். கோபால்ட் ஊதா நிறம், ஹார்டனர் தண்ணீர் மாதிரி இருக்கும். இந்த இரண்டும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கவேண்டும். அதன் பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் ஒரே அளவைக் குப்பி, ஒரே குச்சி கூடாது. இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. ஹார்டனர் தண்ணீர் மாதிரியே இருப்பதால் அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மகா தவறு. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், வந்த பாட்டிலிலேயே, வெயில் படாமல் இருக்கட்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கலக்கும்போது கண்ணாடி போடுவது கட்டாயம்.

அரிப்பு, கண்ணாடி இழைத் தூசியால் வருவது. கிரைண்டர் ஓட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, நல்ல மாஸ்க் வேண்டும். மூக்கில் கட்டுகிற துண்டு போதாது. வேலை முடிந்ததும் சொறியாமல் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். படகை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கடல்காற்று வாசனையை வீட்டுக்குள் கொண்டுவராத பக்கம் வைக்கவேண்டும். கலந்து மிஞ்சிய ரெசினை உடனே குப்பையில் போடக் கூடாது. திறந்த தட்டில் மண்மேல் வைத்து, இறுகி ஆறிய பிறகு எறியலாம். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் இருக்கவே கூடாது.

கேள்வி: படகு வேலை முடிந்தது. முதல்முறை தண்ணீரில் இறக்கப் போகிறோம். என்னென்ன பார்க்கவேண்டும்?
– ஒரு வாசகர், தாழங்குடா

பதில்: இறக்குவதற்கு முன்னால் பழைய உரிமையாளரின் காகிதங்களைத் தேடி எடுங்கள். மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையில் பதிவு உங்கள் பேருக்கு மாறவேண்டும். ஆற்றில் மற்ற வேலைக்கு ஓட்டுகிற என்ஜின் படகுக்கு, 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு இருக்கிறது. எத்தனை பேர் ஏறுகிறீர்களோ அத்தனை லைப் ஜாக்கெட், இரண்டு துடுப்பு, நங்கூரம், நீளமான கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி.

கடல் பக்கம் முதல் நாள் போகாதீர்கள். ஆற்றிலேயே, கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து இறக்குங்கள். என்ஜின் நின்றுவிட்டால் அந்த ஓட்டம் உங்களை ஊர்ப் பக்கம் தள்ளும். தண்ணீர் வடியும் நேரம் என்றால் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். வடிதுவாரத்தின் அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், படகைக் கரையில் கட்டியபடியே கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு ஒருவர் மட்டும் ஏறி, கரையை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று. கரைக்கு வந்து தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒரு டம்ளரில் பிழிந்து அளந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.